நான்கு விரல் கறள்

இலைகள் நிறம் மாறத் தொடங்கும் கிழமையில் அந்த வேட்டைத் துவக்கு எங்கள் மேசைக்கு வரும். குழாய் வெள்ளி நிறம். கண்ணாடி போல மினுங்காது, சாம்பல் போட்டுத் தேய்த்த தட்டு மாதிரி மங்கலாக இருக்கும். விளக்கைச் சரித்துப் பிடித்தால் அதன் இடப்பக்கத்தில் நான்கு சின்னக் குழிகள் தெரியும். கடுகளவும் வராது. மூன்று ஒரே வரிசையில் இருக்கும், மூன்றாம் இடத்தில் உள்ளது மட்டும் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். செத்த வீட்டிலும் பகிடி விட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியவன் நான். ஆனாலும் அந்தக் குழிகளைக் கையுறையோடு தடவும்போது இன்றைக்கும் என் வாயில் பகிடி வராது.

நான் பன்னிரண்டு வயதில் மொன்றியலுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. கடைசியாக அம்மாவைக் கூப்பிட்ட பிரெஞ்சு ஆசிரியை, இவனுக்கு வாய் மட்டும்தான் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பினா. வாழ்க்கையில் நான் தேறிய ஒரே சோதனை, துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதி அட்டைக்குரிய சோதனைதான். அந்த அட்டையோடு சென்ட் லோரன்டில், களஞ்சியங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வேட்டைச் சாமான் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் தூண்டில், கூடாரம், மழைச் சப்பாத்து. பின்பக்கம் ஒரு அறை. வாடிக்கையாளர்கள் விட்டுப்போகும் துவக்குகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைப்பது அங்கே என் வேலை. கடை அறுபது வயது கடந்த ஒரு கியூபெக் பெண்ணுடையது. எல்லோரையும் போல நானும் அவரைப் பத்ரோன், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவேன்.

நான் அண்ணை என்று கூப்பிட்டவர் அந்தக் கடைக்கு வந்ததும் ஒரு பகிடிதான், ஆனால் அது நான் செய்ததல்ல. அவர் வன்னியில் இருந்து விசிற்றர் விசாவில் வந்து, அகதியாகப் பதிந்து, விசாரணைத் திகதிக்குக் காத்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தொடும் வயது. நோத்ர-டாம்-த-கிரேஸில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தார். கோயிலில் யாரோ சொல்லி அம்மாவிடம் வேலை கேட்டிருக்கிறார். மகன் மீன்பிடிச் சாமான் கடையில் நிற்கிறான், போய்ப் பாரும் என்று அம்மா அனுப்பிவிட்டா. துவக்கு என்ற சொல்லை வாயால் சொல்ல அம்மாவுக்கு விருப்பமில்லை. முதல் நாள் பின் அறைக் கதவைத் திறந்த அண்ணை, சுவரோடு வரிசையாக நின்ற துவக்குகளைக் கண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பஸ் தரிப்புவரை நடந்து போய்விட்டார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். வேறு வேலை இருக்கவில்லை.

அவருக்குக் கூட்டுவதும் பெட்டி இறக்குவதும்தான் வேலை. அட்டை இல்லாதவர் துவக்கைத் தொடக்கூடாது என்று பத்ரோன் சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, அவர் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார். அறையின் நடுவால் நடக்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டைக் கவிழ்த்து வைத்த பெட்டியொன்றில் இருந்து சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். நான் அவருக்குச் சுவர் மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். அவர் பின்னால் போய் நின்று துவக்கின் போல்ட்டை இழுத்து விடுவேன். அந்தக் கிளிக் சத்தத்துக்கு அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறும். "போதும் தம்பி" என்பார், அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிறுத்தியிருக்கமாட்டேன்.

அந்த வெள்ளி நிறத் துவக்கு பொலிஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. வீடு மாறுவதால் கோடை முடியும்வரை கடையில் வைத்திருக்கச் சொல்லி விட்டுப் போனார். கறுப்புத் துவக்குகளை நான் கவனமாகத் துடைப்பேன், அவை கறள் பிடிக்கும், துருவேறும் என்று எல்லோருக்கும் தெரியும். இது ஸ்டெயின்லெஸ். எங்கள் வீட்டில் சில்வர் சட்டி இருபது வருடமாகத் தண்ணீரில் கிடக்கிறது, ஒரு பொட்டுக் கறள் இல்லை. அந்தச் சட்டிக் கணக்கில்தான் நானும் வேலை செய்தேன். துவக்குக்குப் போடும் இரும்பு வேறு சாதி, வியர்வையும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அதுவும் கறள் பிடிக்கும் என்று பத்ரோன் முதல் கிழமையிலேயே சொன்னார். துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் போடவேண்டும், துடைக்காமல் போட்டால் உப்பை எண்ணெய்க்குக் கீழே வைத்துப் பூட்டியது போல என்றும் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவர் கதைக்கும் மாதிரியை அண்ணைக்கு நடித்துக் காட்டினேன்.

யூலை முடியும் நேரம். குளிரூட்டி பழுதாகி அறை அவிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தத் துவக்கை மேசைத் தாங்கியில் வைத்துவிட்டு, அதன் பிடியை இறுக்காமல், முன்பக்கம் யாரோ மணியடித்ததால் போய்விட்டேன். தனியே விட்டுப் போகக்கூடாது என்பதும் விதிதான். திரும்பி வந்தபோது துவக்கு தாங்கியில் இருந்தது. அண்ணை சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார். நான் குழாயைப் பார்க்கவில்லை. மேலால் ஒரு பூச்சு எண்ணெய் போட்டு, பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, பொலிஸ்காரர் வெள்ளிக்கிழமை எடுக்க வருகிறார் என்று பத்ரோன் சொன்னார். பெட்டியைத் திறந்தேன். குழாயில் ஒரு கை இருந்தது. செம்மண் நிறத்தில், நாலு விரலும் ஒரு பெருவிரலும், சில இடத்தில் ரேகைகூடத் தெரிய, யாரோ பெட்டிக்குள் இருந்து பிடித்துக்கொண்டிருப்பது போல. மோதிர விரல் கட்டையாக இருந்தது. அண்ணைக்குச் சின்ன வயதில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மெசினின் பெல்ட்டுக்குள் மோதிர விரலின் நுனி போனது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சிரித்தேன். இந்தக் கதையை எழுதும்போதுகூட அதைத்தான் முதலில் எழுதவேண்டும் என்று இருந்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, இஞ்ச வந்து பாருங்கோ. வந்திறங்கின உடன பத்து விரலையும் மெசினில வைச்சு எடுத்தவங்கள் எல்லோ? இது ஆற்ற துவக்கு தெரியுமே? பொலிஸ்காரன்ர. கொம்பியூட்டரில போட்டான் எண்டால் உங்கட படம் வந்து நிக்கும்."

அவர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார். கிட்ட வராமல் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தினை நாளில அழியும் தம்பி?"

"கறள் அழியாது அண்ணை. வளரும்."

அந்தப் பதிலை நான் எத்தனையோ முறை திருப்பி எடுக்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பியர்பொன்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், காலையில் வந்து துடைக்கலாம் என்று பெட்டியைப் பூட்டு அறைக்குள் கொண்டுபோகாமல் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

செவ்வாய் காலை நான் வர முதல் அவர் வந்துவிட்டார். கடை திறந்த கையோடு உள்ளே போயிருக்கிறார். நான் வந்தபோது துவக்கு மேசையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு உருண்டைப் பழப்புளி, ஒரு கடதாசியில் உப்பு, மூலையில் இருக்கும் டெபனர்க் கடையில் வாங்கிய பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருள். கோயிலில் குத்துவிளக்கு விளக்கும் மாதிரியே விளக்கியிருந்தார். குழாய் பளபளத்தது. கைத்தடம் இல்லை. அவர் நெற்றியால் வியர்வை ஓட, நான் அவரைக் கண்ட நாளில் இருந்து முதல் தடவையாகச் சத்தமில்லாமல் கொஞ்சம் சிரித்தார். போயிட்டுது தம்பி என்றார்.

அந்த மேசைக்கு இரும்புச் சுருளைக் கொண்டுவந்தால் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்பது பத்ரோன் எனக்குச் சொன்ன முதல் விதி. ஸ்டெயின்லெஸில் இரும்பைத் தேய்த்தால் இரும்பின் பொடி அதன் தோலுக்குள் ஏறிவிடும், பிறகு அந்தப் பொடி கறள் பிடிக்கத் தொடங்கும். புளியும் உப்பும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. எனக்கு இது தெரியும். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்கு வேலை இல்லாமல் போன முதல் நாள் அது. துணியால் துடைத்து எண்ணெய் போட்டு, ஒன்றும் வராமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு பூட்டு அறையில் வைத்தேன்.

புதன்கிழமை காலை விளக்கைப் போட்டேன். குழாய் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தது. அவர் கை போன திசையெல்லாம் கோடு கோடாக. ஒரு கைத்தடத்தை அழிக்கப்போய் ஒரு காலை முழுவதும் அவர் கை அசைந்த கணக்கை இரும்பு எழுதி வைத்திருந்தது. அவர் என் பின்னால் நின்று அதைப் பார்த்தார். தான் சாப்பிட இருக்கும் பெட்டியில் குந்தினார். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து இருந்தது அன்றைக்குத்தான்.

நடந்ததை அப்போதுதான் சொன்னார். நான் இறுக்காமல் விட்ட துவக்கு தாங்கியில் இருந்து வழுக்கியிருக்கிறது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே பாய்ந்து எச்சில் கையால் குழாயைப் பிடித்திருக்கிறார். சோறும் தேசிக்காய் ஊறுகாயும் இருந்த கை. விழுந்து உடைந்தால் என் வேலை போய்விடும் என்று பிடித்தாராம். திருப்பி வைத்துவிட்டு, கடதாசியால் துடைத்துவிட்டு, கையைக் கழுவப் போயிருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய விசாரணை. அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் எல்லாம் ஒரு வசனத்தில் நின்றது: நான் எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை. போர்க்காலத்தில் இயக்கத்தில் சேர்க்க வீடு வீடாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவருடைய அம்மா அவரை எட்டு மாதம் மாட்டுக்கொட்டில் பரணில் வைக்கோலுக்குள் வைத்திருந்தா. பிறகு மற்றப் பக்கமான ஆமிக்காரர் பிடித்து வரிசையில் நிறுத்தி, துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொருவரின் உள்ளங்கையையும் பார்த்தார்கள். அவருக்கு முன்னால் நின்ற பெடியனைத் தனியே கொண்டுபோனார்கள்.

"என்ர கையைப் பாத்துத்தான் என்னை விட்டவங்கள்," என்றார். "அங்க தொடாத சாமானை இஞ்ச வந்து தொட்டுப்போட்டன் தம்பி."

அந்த நேரம் எனக்கு வந்த பயம் முன்பு ஒருபோதும் வந்ததில்லை. அட்டை இல்லாத ஒருவர் தொடும்படி துவக்கை விட்டுப் போனது நான். பெட்டியைப் பூட்டாமல் போனது நான். கொம்பியூட்டரில் படம் வரும் என்று சொன்னதும் நான். அப்படியெல்லாம் நடக்காது, கறளில் கைரேகை எடுத்து எவரும் அனுப்பமாட்டார்கள், அது பகிடி என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. நான் சொன்னதில் எது பகிடி எது உண்மை என்று எப்படிப் பிரிப்பார்?

அந்தப் புதனும் வியாழனும் நான் வேலை செய்தது போல அந்தக் கடையில் எவரும் செய்திருக்கமாட்டார்கள். கையுறை போட்டேன். முதலில் பழைய எண்ணெயையும் புளியையும் கழுவி எடுத்தேன். இரும்பு கலக்காத நைலோன் துண்டில் எண்ணெய் தொட்டு, இரும்பின் கோடு போகும் திசையிலேயே, அழுத்தாமல் தேய்த்தேன். ஒருமுறை தொட்ட துணியை மறுமுறை தொடாமல் எறிந்தேன். தலைமுடி உலர்த்தும் மெசினால் சூடு காட்டி, ஈரம் போனபிறகு மெல்லிய பூச்சாக எண்ணெய். பஞ்சுப் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் திறந்த தாங்கியில் நிறுத்தினேன். வியாழன் காலை விளக்கைப் போடக் கை போகவில்லை. போட்டபோது இரண்டு இடத்தில் திரும்பவும் சிவந்திருந்தது. முதலில் இருந்து தொடங்கினேன். அண்ணை அறை வாசலில் கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தார். வெள்ளி காலை குழாய் சுத்தமாக இருந்தது, அந்த நான்கு குழிகளைத் தவிர. கறள் போனாலும் அது தின்ற இடம் திரும்பி வராது.

பொலிஸ்காரர் வந்தார். உயரமான மனிதர், அவசரமில்லாத கண். துவக்கை யன்னல் வெளிச்சத்தில் சரித்தார், பெருவிரலால் தடவினார், குழியில் நிறுத்தினார். இது யாருடைய கை என்று பிரெஞ்சில் கேட்டார். நான் என்றேன். பத்ரோன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொலிஸ்காரர் என் வலக்கையைப் பிடித்துக் குழாயில் வைத்து, விரல்களைக் குழிகளின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மூன்று விரல் பொருந்தியது. மோதிர விரல் குழியைத் தாண்டி நின்றது. என் கையை விட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார். தும்புத்தடியைப் பிடித்திருந்த அண்ணையின் கையில் கண் நின்றது. பிறகு அந்தக் கையைச் சுட்டிக் காட்டி, பத்ரோனிடம் ஏதோ சொல்லி, துவக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு பேருக்கும் கையுறை வாங்கிக் கொடுங்கள்.

அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் கண்டது, ஒரு பொலிஸ்காரன் தன் கையைச் சுட்டிக் காட்டியதை. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். கையுறை வாங்கச் சொன்னார் அண்ணை, வேறொன்றும் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பவுமே பகிடி தம்பி?"

அவ்வளவுதான். உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போனார். என்னிடம் பத்ரோன் கேட்ட எல்லாவற்றுக்கும் அன்றைக்கு நான் உண்மை சொன்னேன். இரண்டு கிழமைக்குத் துவக்கைத் தொடக்கூடாது என்று தும்புத்தடியை என் கையில் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவருடைய தொலைபேசி நின்றுபோயிருந்தது. அறைக்குப் போனேன். பையோடு போய்விட்டார், டொராண்டோ பஸ்ஸைப் பற்றி விசாரித்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். விசாரணைக்கு வராவிட்டால் வழக்கைக் கைவிட்டதாக எடுத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், அவருக்கு வந்த கடிதத்தைப் புதன்கிழமை வாசித்துச் சொன்னவனே நான்தான். ஞாயிறு முழுக்கக் கோயிலிலும் தமிழ்க் கடைகளிலும் கேட்டுத் திரிந்தேன். எவரும் காணவில்லை. கேட்ட இடத்தில் இரண்டு பேர், என்ன தம்பி புதுப் பகிடியோ என்றார்கள்.

விசாரணை கொம்பியூட்டர்த் திரையில்தான், ஆனால் அவர் சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருந்து கதைக்கவேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் அந்த அலுவலகத்துக்குப் பக்கத்து மெட்ரோ வாசலில் போய் நின்றேன். படியால் ஏறி வந்த ஒவ்வொரு தலையையும் பார்த்தேன். ஒன்பது மணி தாண்டும்போது அவர் வந்தார். அவிக்கும் வெயிலில் இரண்டு கையிலும் கடையில் இருந்து எடுத்துவந்த வெள்ளைப் பருத்திக் கையுறை.

டொராண்டோ பஸ் நிலையம்வரை போய், டிக்கெட்டும் எடுத்துவிட்டு, ஏறாமல் இருந்தாராம். ஏன் என்று கேட்டேன்.

"தொட்டதுக்காக ஓடினால், முந்தித் தொடாமல் இருந்ததும் பொய்யாப் போயிடும்," என்றார்.

நான் அவருடைய கையுறைகளைக் கழற்றினேன். ஒரு சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவது போல, ஒவ்வொரு விரலாக. அவர் விடவில்லை, பிறகு விட்டார். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ, அம்மாவாணை இது பகிடி இல்லை என்றேன். அவர் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குள் போனார். மூன்று மணித்தியாலம் அந்தக் கையுறைகளைப் பிசைந்தபடி வெளியே நின்றேன்.

வெளியே வந்தவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஆயுதம் தொட்டது உண்டா என்று கேட்டார்களாம். ஒருக்கா எண்டு சொன்னனான் என்றார். சட்டத்தரணி பேனையைக் கீழே வைத்துவிட்டாராம். எங்கே என்று கேட்டார்களாம். சென்ட் லோரன்டில எண்டு சொன்னனான் என்றார். பிறகு ஊறுகாய்க் கையில் இருந்து புளிவரை ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறார். திரையில் இருந்தவர் நெடுநேரம் எழுதினாராம். எழுதியது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அண்ணை அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. ஏழு கிழமை போனது. ஒருநாள் மத்தியானம், நான் மேசையில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது.

"தம்பி, கடிதம் வந்திட்டுது," என்றார். குரலில் ஒன்றும் இல்லை. "உன்ர பொலிஸ்காரன் காட்டிக் குடுத்திட்டான்."

என் கையுறைக்குள் வியர்வை ஊறியதை நான் உணர்ந்தேன். மறுபக்கம் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு சத்தம். அண்ணை சிரித்தார்.

"பகிடி தம்பி. ஏற்றுக்கொண்டிட்டாங்கள்."

இப்போது அவர் பியர்பொன்ட்ஸில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பஸ் தரிப்புத்தான். வழியில் கண்டால் நின்று கதைப்பார். நான் என்ன சொன்னாலும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மழை வருகிறது என்று சொன்னாலும்கூட.

இந்த வருடமும் துவக்கு வந்தது. பொலிஸ்காரர் கையுறைப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். நான் குழாயைத் துடைத்து, சூடு காட்டி, எண்ணெய் தொட்ட துணியை மெதுவாக ஓட்டினேன். எண்ணெய் முதலில் அந்தக் குழிகளுக்குள்தான் இறங்கும். வேலை முடிந்ததும் எவரும் பார்க்காத நேரத்தில் என் விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று பொருந்தியது. மோதிர விரல், ஒவ்வொரு வருடமும் போல, குழியைத் தாண்டிப் போய் நின்றது.